அஸ்வெசும: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வழிகாட்டி

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் நலன்புரித் திட்டம்தான் அஸ்வெசும. அதைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலாவுகின்றன. “விதானையார் (கிராம அலுவலர்) நினைச்சால் பேர் போடுவார்” என்பது ஒன்று. “கொழும்பிலை கொம்பியூட்டர்தான் எடுக்குது, நாங்கள் ஒண்டும் செய்யேலாது” என்பது மற்றது. எதை நம்பினாலும் முடிவு ஒன்றுதான்: கையைக் கட்டிக்கொண்டு இருப்பீர்கள். சித்தியின் குடும்பத்துக்காக விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கிக் கணக்கு என்று அலைந்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். புதிதாகத் தனிக்குடும்பமானவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள், தாய் தகப்பனுக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் பிள்ளைகள், இவர்களுக்காகத்தான் இது.

தெரிவு எப்படி நடக்கிறது என்பது விளங்காமல் படிவத்தைத் தொட வேண்டாம். அஸ்வெசுமவை நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போடுகிறார்கள். மாத வருமானத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பதில்லை. கூலி வேலைக்காரனுக்கும் கடல் தொழிலாளிக்கும் சம்பளச் சீட்டு இல்லாத நாட்டில் வருமானத்தை யார் அளப்பது? அதனால் அளக்கக்கூடிய வேறு அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: வீட்டின் சுவர், கூரை, நிலம், மின்சார அலகுகள், குடிநீர், மலசலகூடம், வாகனம், காணி, தீராத நோய், மாற்றுத்திறன், உழைப்பவரை நம்பியிருக்கும் ஆட்கள்.

விதானையார் உறுதிப்படுத்தலாம், வழிகாட்டலாம். பட்டியலில் தன் விருப்பத்துக்குப் பெயர் ஏற்ற அவரால் முடியாது. அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. பகைத்தால் நட்டம் உங்களுக்குத்தான். மறுபக்கம், கணினிக்குத் தெரிவது படிவத்தில் ஏறிய விபரம் மட்டுமே. அந்த விபரம் பிழையாக ஏறினால் புள்ளியும் பிழைக்கும். உங்கள் வேலை, அது சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பதும், ஏறியதற்கு ஆதாரம் வைத்திருப்பதும்.

1. எந்த உதவி உங்களுக்குரியது என்று பிரித்துப் பாருங்கள்

ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து “அஸ்வெசும காசு” என்கிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு.

குடும்பத்துக்கான கொடுப்பனவு நான்கு வகை. 2023 ஜூலையில் தொடங்கியபோது நிலையற்ற பிரிவுக்கு மாதம் 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடிய பிரிவுக்கு 5,000, வறிய பிரிவுக்கு 8,500, மிக வறிய பிரிவுக்கு 15,000. 2025 ஜனவரியில் இருந்து வறிய பிரிவுக்கு 10,000 ஆகவும் மிக வறிய பிரிவுக்கு 17,500 ஆகவும் கூட்டினார்கள். முதல் இரண்டு பிரிவுகளும் தொடக்கத்திலேயே காலக்கெடுவோடு வந்தவை. அந்தக் கெடுவைப் பிறகு நீட்டினார்கள். எனவே அந்தப் பிரிவுகளில் உங்கள் பெயர் வந்தால் “எதுவரை கிடைக்கும்?” என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் அந்தக் காசை நம்பி மாதத் தவணைக்குச் சாமான் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உள்ளது வேறு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முதியோருக்கு 3,000 இலிருந்து 5,000 ஆகவும், மற்ற இரண்டுக்கும் 7,500 இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவற்றைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும். மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் மாதாந்த உதவிப்பணம், ஊரில் பிச்சைச் சம்பளம் என்கிறார்களே, அது இன்னொன்று.

அஸ்வெசும நிராகரிக்கப்பட்டதால் முதியோர் கொடுப்பனவும் கிடைக்காது என்று பல வீடுகளில் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. தனித்தனியாகக் கேளுங்கள்.

2. விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

நினைத்த நேரத்தில் போய்ப் படிவம் கொடுக்க முடியாது. சுற்றுச் சுற்றாகத்தான் கூப்பிடுவார்கள்: 2022இல் ஒன்று, 2024இல் இன்னொன்று. அடுத்தது எப்போது என்பதைக் கிராம அலுவலர் அலுவலகத்து அறிவித்தல் பலகை, பிரதேச செயலகம், பத்திரிகை மூன்றிலும் பாருங்கள். சபையின் 1924 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கமும் உண்டு.

சுற்று மூடியிருக்கும் காலம்தான் உங்களுக்கு உதவும் காலம். அடுத்த தலைப்பில் உள்ள ஆவண வேலையை அப்போதே முடியுங்கள். சுற்றுத் திறந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் பதிவு. தீவுப் பகுதிக்காரர் கவனிக்க வேண்டியது: நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு வேலணைச் செயலகத்தோடு. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையோடு. படகுக்கு நேரம் பார்த்துப் போய், உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டுத் திரும்புவதுபோல எரிச்சல் வேறில்லை. ஆகவே முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, அஸ்வெசும வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் நாளை மேசையில் இருப்பாரா என்று உறுதிப்படுத்திவிட்டு ஏறுங்கள். “செயலகம் திறந்திருக்குமா?” என்று கேட்டால் ஓம் என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

3. ஆவணங்கள்: அலைச்சலில் முக்கால்வாசி இங்கேதான்

அடிப்படைத் தொகுதி இது: குடும்பத்தில் அடையாள அட்டை உள்ள எல்லோரது அட்டையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கடைசி மாதங்களின் கரண்ட் பில், வீடு அல்லது காணிக்கான உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பியும் மருத்துவ அறிக்கையும், இயங்கும் ஒரு கைத்தொலைபேசி இலக்கம். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோ கொப்பி. மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனிக் கண்ணிகள்.

பெயர் எழுத்து. சித்தியின் பெயரில் ‘பாக்கியம்’ வருகிறது. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு ‘கே’, விவாகச் சான்றிதழில் இரண்டு ‘கே’, பழைய வங்கிப் புத்தகத்தில் ‘சி’யும் ‘கே’யும். வீட்டில் எல்லோருக்கும் அவர் ஒரே பாக்கியம்தான். கணினிக்கு மூன்று பேர். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் கணவன் பெயரின் முதலெழுத்தும் மாறி மாறி வரும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூட. அடையாள அட்டையில் உள்ளது எதுவோ அதையே எல்லா இடத்திலும், ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். சின்ன வித்தியாசமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து வைத்திருங்கள். பெரிய வித்தியாசமானால் அட்டையையே திருத்துவது நல்லது.

அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதிதில் பன்னிரண்டு இலக்கம். பழையதை வைத்திருந்து பிறகு புதிது எடுத்தவர்கள், எந்த இலக்கத்தில் பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். இணையத்தில் தேடும்போது ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதிலும் தேடிப் பாருங்கள்.

வயதுக்கு ஆதாரம். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த முதியோர் இங்கே ஏராளம். பதிவு இருந்த பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி தேடச் சொல்லுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி உண்டு. அது நாளெடுக்கும் வேலை. அம்மம்மாவுக்கு 70 ஆகும்வரை காத்திருக்காமல் 68இலேயே தொடங்குங்கள்.

காணாமற்போன கணவர். இது கடினமான விடயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. குடும்பத் தலைவி என்று பதிவதற்காக மரணச் சான்றிதழ் எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது உங்களை நெருக்கினால், நெருக்குப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், இறந்தவர் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவரைக் காணக் கிடைக்கவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பதிவாளர் திணைக்களத்தின் வழியாக எடுக்கலாம். நலன்புரி உதவிகளைக் கேட்பதற்கும் அது ஆவணமாகும்.

தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் பிள்ளை இங்கே கணக்கில் வருவது கடினம். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் வந்திருந்தால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தைத்தான் அணுக வேண்டும். மற்ற எந்த ஆவணத்தையும்விட இது இழுக்கும். அதனால் முதலில் இதைத் தொடங்கி விட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

4. ‘குடும்பம்’ எது என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள்

ஒரு வளவுக்குள் தாய் தகப்பன், சீதன வீட்டில் மகளும் மருமகனும், பின்பக்கத்துக் கொட்டிலில் கலியாணம் முடித்த மகன். எங்கள் ஊர்களில் இது சாதாரணம். இது ஒரு குடும்பமா, மூன்றா? ஒரே வீட்டில் இருந்து ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுவோர் ஒரு குடும்பம் என்பதுதான் பொதுவாக எடுக்கும் கணக்கு. தனிச் சமையல், தனி வரவு செலவு என்றால் தனிக் குடும்பமாகப் பதியக் கேளுங்கள். வாக்காளர் இடாப்பிலும் கிராம அலுவலரின் குடும்பப் பதிவிலும் அது அப்படியே இருக்க வேண்டும். அங்கே ஒன்றாகவும் இங்கே பிரிந்தும் இருந்தால் கேள்வி வரும்.

கூடுதல் காசுக்காகக் கடதாசியில் மட்டும் பிரியலாம் என்று ஆலோசனை சொல்ல ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வேண்டாம். பட்டியல் வெளியானதும் யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் வீட்டு உலை எத்தனை என்று நன்றாகத் தெரியும்.

5. படிவத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் அடிபடும் இடங்கள்

கரண்ட் பில். மின்சாரப் பாவனை ஒரு சுட்டி என்பதால் இதில் கவனம் வையுங்கள். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் எரித்தால், முழு அலகும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டார் வீட்டு மீற்றரில் ஓடினால், வெங்காயத்துக்குப் பாய்ந்த தண்ணீரும் உங்கள் வசதியாகக் கணக்காகும். தகவல் எடுக்க வருபவரிடம் இதை வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். “இந்த மீற்றரில் இன்ன குடும்பமும் பாவிக்கிறது” என்று ஒரு கடிதம் எழுதி, கிராம அலுவலரின் ஒப்பத்தோடு உங்கள் விண்ணப்பக் கோவையில் சேர்க்கக் கேளுங்கள்.

பிறர் வீடு. கனடாவில் இருக்கும் தமையனின் மாபிள் பதித்த வீட்டைப் பார்த்துக்கொண்டு, அதன் பின் அறையில் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. கணக்கெடுக்க வருபவர் காண்பது மாபிளை. வீட்டின் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு “எங்கட வீடுதான்” என்று பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். உறவினரின் வீடு, வாடகை இல்லாமல் பராமரிப்புக்காக இருக்கிறோம் என்று சொல்லி, உரிமையாளரிடம் இருந்து ஒரு கடிதமும் உறுதியின் கொப்பியும் எடுத்து வையுங்கள்.

வீட்டுத்திட்ட வீடு. போருக்குப் பின் இந்தியன் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். சீமெந்துக் கல்லும் ஓடுமாக எழும்பிய அந்த வீடு, உள்ளே இருப்பவர் நாட்கூலி என்றாலும் புள்ளியைக் குறைத்துவிடும். இந்த முறையின் பெரிய ஓட்டையே இதுதான் என்று நினைக்கிறேன்: அரசும் அயல்நாடும் கட்டிக் கொடுத்த சுவரை வைத்தே அரசு உங்களை வசதியானவர் என்கிறது. இதை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் பயனாளிக் கடிதத்தைக் காட்டலாம், பூசாத சுவரையும் கதவு போடாத அறையையும் அப்படியே உள்ளதாகப் பதியச் சொல்லலாம். வேறு சுட்டிகளில் உங்களுக்குரிய புள்ளி எதுவும் தவறாமல் பார்ப்பது இன்னும் முக்கியம்.

விற்ற வாகனம். மோட்டார் சைக்கிளையோ ஓட்டோவையோ விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் பதிவில் அது இன்னும் உங்களுடையது. வாங்கியவரைப் பிடித்து மாற்றுங்கள். ஆள் அகப்படாவிட்டால் விற்ற கடிதமாவது கையில் இருக்கட்டும்.

பருவத் தொழில். கடலுக்குப் போகிறவர், சீவல் தொழில் செய்கிறவர், வெங்காயக் கூலிக்குப் போகிறவர், இவர்களிடம் “மாத வருமானம் என்ன?” என்று கேட்டால் நல்ல மாதத்துக் கணக்கைச் சொல்வது வழக்கம். மானம் அப்படிச் சொல்லவைக்கும். வருடம் முழுவதற்கும் கூட்டி, பன்னிரண்டால் பிரித்துச் சொல்லுங்கள். தொழில் இல்லாத மாதங்களையும் எண்ணெய்ச் செலவையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் காசு. மாதாமாதம் வந்தால் அது வருமானம், எழுதத்தான் வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் வருவது மாத வருமானம் ஆகாது. எப்போதாவது வருகிறது என்றே சொல்லுங்கள். பொய்த் தகவல் கொடுத்துக் காசு எடுத்தால் நிறுத்துவார்கள், திருப்பியும் கேட்கலாம்.

நோயும் மாற்றுத்திறனும். எங்கள் ஆட்கள் மறைப்பது இதைத்தான், முக்கியமாகக் கலியாணத்துக்குப் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில். கிளினிக் கொப்பியை வெளியே எடுங்கள். சொல்லாத நோய்க்குப் புள்ளி இல்லை.

6. வீட்டுக்கு வந்து பார்க்கும் நாள்

விண்ணப்பத்தின் பின் தகவல் சேகரிப்பவர் வீட்டுக்கு வருவார். வீட்டின் முழு விபரமும் தெரிந்த ஒருவர் அன்று நிற்க வேண்டும். பாட்டியைத் தனியே விட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனால், வந்த ஆளுக்குப் பிளேன்ரீ கொடுத்து “எங்களுக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி” என்று அனுப்பிவிடுவார். நடந்திருக்கிறது.

பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னர் கேட்பது உங்கள் உரிமை. பெரும்பாலான உத்தியோகத்தர்கள் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். உங்கள் விண்ணப்ப இலக்கத்தையும் வந்தவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பிறகு எந்த மேசையிலும் ஒரு அலுவலும் நடக்காது.

7. செலவு

படிவத்துக்குக் காசு இல்லை. மேன்முறையீட்டுக்கும் இல்லை. உண்மையான செலவு பஸ் காசு, போட்டோ கொப்பி, சான்றிதழ்ப் பிரதிகளுக்கான சிறு கட்டணம், கூலி வேலைக்காரர் என்றால் இழக்கும் நாட்சம்பளம். இந்தக் கடைசியே பெரிது, ஆகவே எல்லா ஆவணத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

கொமினிக்கேஷன் கடையில் இணையத்தில் போட்டுத் தருவார்கள். அச்செடுக்கவும் தட்டச்சு செய்யவும் கேட்கும் காசு நியாயம். “உள்ளுக்கு ஆள் இருக்கு, எடுத்துத் தாறன்” என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புள்ளி போடுவது அந்த ஆளல்ல. தொலைபேசியில் எடுத்து வங்கி அட்டை இலக்கம், குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கம் என்று கேட்டால் அது கள்ளர்.

8. பட்டியலில் பெயர் இல்லையா? மேன்முறையீடு

பட்டியல் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் சபையின் இணையத்தளத்திலும் வரும். அன்றே பாருங்கள். 2023இல் மேன்முறையீட்டுக்கு முதலில் ஜூன் 30 வரைதான் தந்தார்கள், பிறகு ஜூலை 10 வரை நீட்டினார்கள். நீட்டுவார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெயர் வந்தும் குறைந்த பிரிவில் விழுந்திருந்தால் அதற்கும் மேன்முறையீடு செய்யலாம்.

“நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம், தயவுசெய்து கருணை காட்டவும்” என்று இரண்டு பக்கம் எழுதினால் அது யாருக்கும் உதவாது. எந்த விபரம் பிழை, சரியானது என்ன, ஆதாரம் எது, இந்த மூன்றையும் எழுதுங்கள். உதாரணமாக: “வீடு சொந்தம் எனப் பதியப்பட்டுள்ளது. வீடு எனது மைத்துனரின் பெயரில் உள்ளது. உறுதிப் பிரதியும் அவரது கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.” மூன்று வசனம் போதும். பிழை இரண்டென்றால் ஆறு வசனம்.

இணையத்தில் அனுப்பினால் வரும் இலக்கத்தின் படத்தை எடுத்து வையுங்கள். கையில் கொடுத்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். “வைச்சிட்டுப் போங்கோ அக்கா, பாக்கிறம்” என்று சொன்ன ஒரு மேசையில், சித்தி “ஒரு சீல் மட்டும் குத்தித் தாங்கோ தம்பி” என்று அசையாமல் நின்றார். சிறிது நேரம் கழித்து, மேசைக்கு மேல் கிடந்த முத்திரையை அந்தத் தம்பி எடுத்துக் குத்தினார். பிறகு அந்தக் கடிதம் கோவையில் இல்லை என்று சொன்னபோது எங்களிடம் இருந்தது அந்த ஊதா மையிட்ட தாள் ஒன்றுதான். அதை வைத்துத்தான் மறுபடி ஏற்றுக்கொண்டார்கள்.

நேரில் முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

9. பதிலே இல்லை என்றால்

மாதங்கள் போகும். அது வழமை. ஆனால் காரணமே தெரியாமல் நிராகரிப்பு வந்தாலோ, மேன்முறையீடு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தாலோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

கேட்க வேண்டியது: எங்கள் விண்ணப்ப இலக்கத்துக்கு ஒவ்வொரு சுட்டியிலும் பதியப்பட்ட விபரம் என்ன, நிராகரித்ததற்குக் காரணம் என்ன, இன்ன திகதியில் கொடுத்த மேன்முறையீடு இப்போது எங்கே நிற்கிறது. “ஏன் எங்களுக்குத் தரவில்லை?” என்று கேட்டால் அது முறைப்பாடாகப் போகும், பதிவில் உள்ளதன் பிரதியைக் கேட்டால் தகவல் கோரிக்கை. 14 வேலை நாள்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். பல இடங்களில் இந்தக் கடிதம் போன உடனேயே கோவை கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.

10. வங்கிக் கணக்கு

பெயர் வந்தால் மட்டும் காசு வராது. கணக்கு இணைக்கப்பட வேண்டும். பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் வங்கிக்குப் போங்கள். மக்கள் வங்கி, இலங்கை வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் வழியாகத்தான் இது தொடங்கியது. ஏற்கெனவே வேறு கணக்கு இருந்தாலும் அதையே பாவிக்கலாமா என்று கடிதம் எடுக்கும்போதே கேளுங்கள். பிறகு கணக்கிலக்கத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து உத்தியோகத்தரிடம் கொடுத்து, பதிவேறியதா என்று கண்ணால் பாருங்கள்.

பட்டியல் வெளியான கிழமையில் வங்கிகளில் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடாமல், அடுத்த கிழமைக்கு விடுவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது.

கடன்காரரிடம் வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ அடகாகக் கொடுக்காதீர்கள். நுண்கடன் குழுக்களில் இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால் அந்தக் காசு வீட்டுப்படி ஏறாது.

11. காசு வரத் தொடங்கிய பின்

தகவல் புதுப்பிக்கக் கூப்பிடும்போது போகாமல் விட்டால் கொடுப்பனவு நின்றுவிடலாம். கைத்தொலைபேசி இலக்கம் மாறினால் சொல்லுங்கள். குறுஞ்செய்தி பழைய இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளை பிறந்தால், யாராவது இறந்தால், மகன் வெளிநாடு போனால், மகள் கலியாணம் முடித்துத் தனியே போனால், நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த மாதத்திலேயே கிராம அலுவலருக்கும் அஸ்வெசும உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். பெயரில் கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவருடைய அட்டையால் தொடர்ந்து எடுக்க வேண்டாம். மரணச் சான்றிதழோடு போய், குடும்பத்தில் வேறொருவரின் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். அந்த மாற்றத்துக்கும் செயலகத்தின் கடிதம், புதுக் கணக்கு, பழையபடி காத்திருப்பு என்று எல்லாம் உண்டு. அதனால் செத்தவீட்டு அலுவல்கள் ஓய்ந்ததும், எட்டுச் செலவுக்குப் பிறகாவது, இதைக் கையில் எடுங்கள்.